டிஜிட்டல் பதிவுக்கு டேப்பின் உருட்சி: காந்தநாடா சாச்சுரேஷனைக் கணினியில் உருவாக்கும் முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகன் மிருதங்கம் வாசிக்கிறான். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில், துணி அலமாரியின் கதவுகளைத் திறந்து வைத்து அதன் முன்னால் அவனை உட்காரவைத்தேன். இரண்டு மைக்கில் பதிவு செய்தேன். போட்டுக் காட்டியபோது அவன் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாம் கேக்குது மாமா. ஆனா குத்துது. நான் வாசிச்ச மாதிரி இல்ல."

அப்புறம் அம்மாவின் பழைய கேசட் ஒன்றை எடுத்துப் போட்டேன். 1980களில் சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய கச்சேரிப் பதிவு அது. இரைச்சல் இருந்தது, உச்ச ஒலிகள் மங்கியிருந்தன. ஆனால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழுந்த ஒவ்வொரு "நம்"மும் உருண்டு திரண்டு வந்தது. "இதுதான் மாமா" என்றான்.

அந்த உருட்சியைக் கணினியில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்த வழிகாட்டி. டேப் என்று பெயர் போட்ட பிளக்இன்கள் (பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் சிறு நிரல்கள்) ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு குமிழைத் திருகினால் போதும் என்பதுபோல அவற்றை விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலியை அமுக்கும் வளைகோடு, அதாவது உள்ளே வரும் அளவுக்கு எவ்வளவு வெளியே போகும் என்ற கணக்கு, எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். டேப்பின் குணம் அந்த வளைகோட்டுக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கும் வேலைகளில் இருக்கிறது. அந்த வரிசை பிடிபட்டால், ரீப்பரோ லாஜிக்கோ எந்தப் பதிவு மென்பொருளில் வேலை செய்தாலும், உள்ளே இருக்கும் கருவிகளைக் கொண்டே செய்துவிடலாம்.

நாடாவில் என்ன நடக்கிறது

ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின்மேல் பூசிய இரும்பு ஆக்சைடு துகள்கள். ரெக்கார்டிங் ஹெட் உண்டாக்கும் காந்தப்புலம் அந்தத் துகள்களைத் திருப்புகிறது. புலம் போன பிறகும் திரும்பியது திரும்பியபடியே நிற்கிறது, அதுதான் பதிவு.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, மிகச் சிறிய புலத்துக்குத் துகள்கள் அசைவதில்லை. அதனால் மெல்லிய ஒலி கரகரப்பாகப் பதிவாகும். இதற்கு மருந்தாக வந்தது ஏசி பயஸ். காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணை, தொழில்முறைக் கருவிகளில் 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே, இசையோடு கலந்து நாடாவுக்கு அனுப்புவார்கள். 1940இல் ஜெர்மனியில் பிரவுன்மியூல், வெபர் என்ற இரு பொறியாளர்கள் மேக்னெட்டோபோன் கருவியில் இதைக் கொண்டுவந்த பிறகுதான் டேப், இசைப்பதிவுக்குத் தகுதியான ஊடகமானது.

இரண்டாவது சிக்கல் மேல் எல்லையில். காலை எட்டு மணிக்கு எம்ஆர்டி ரயில் பெட்டியில் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருகிறவர்கள் தாராளமாக ஏறுவார்கள். அப்புறம் நெருக்கி நிற்பார்கள். அதற்குமேல் எத்தனை பேர் தள்ளினாலும் ஒருவர் இருவர்தான் உள்ளே போக முடியும். துகள்களும் அப்படித்தான். திரும்பக்கூடியவை எல்லாம் திரும்பிவிட்ட பிறகு, உள்ளே வரும் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் நாடாவில் பெரிதாக ஏறாது. அலையின் உச்சி வெட்டுப்படாமல் வளைந்து மழுங்குகிறது. இதைத்தான் சாச்சுரேஷன் என்கிறோம்.

படி 1: வளைகோட்டைப் போட்டு, அளந்து பாருங்கள்

உச்சியை மழுங்க வைக்க மிக எளிய கணிதச் சார்பு டான்ஹெச் (tanh). சாச்சுரேஷன் பிளக்இன் பலவற்றில் இது "சாஃப்ட் கிளிப்" என்ற பெயரில் இருக்கும். பாட்டை உடனே அதில் ஓட்டாதீர்கள். முதலில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை அனுப்பி, பின்னால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் போட்டுப் பாருங்கள்.

1 கிலோஹெர்ட்ஸ் கம்பத்துக்கு வலப்பக்கம் 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறிய கம்பம் முளைக்கும். அளவைக் கூட்டினால் 5, 7 என்று வரும். 2, 4 வராது. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி மழுங்குகிற வளைகோடு ஒற்றைப்படை மடங்குகளை மட்டுமே பிறப்பிக்கும். நன்றாகச் சரிசெய்த டேப்பும் இப்படித்தான். அதன் முதன்மை விலகல் மூன்றாவது மடங்கு. இரண்டாவது மடங்கு தெரிந்தால் அது பெரும்பாலும் நாடாவிலிருந்து அல்ல, சுற்றியுள்ள மின்சுற்றிலிருந்து வருவது.

இப்போது எண்களைக் கவனியுங்கள். முழு அளவை 1 என்று வைத்தால், டான்ஹெச்சுக்குள் 0.25 உயரமுள்ள சைன் அலை போனால் மூன்றாவது மடங்கு சுமார் 0.5%. 0.5 போனால் சுமார் 2%. அளவை இரட்டித்தால் விலகல் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. 0.63இல், அதாவது −4 டெசிபலில், அது 3% ஆகிவிடும். டேப் பொறியாளர்கள் ஒரு நாடாவின் உச்ச அளவு இதுதான் என்று குறிப்பதும் மூன்றாவது மடங்கு 3% தொடும் இடத்தைத்தான். ஆகவே உங்கள் அனலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் கம்பம் 1 கிலோஹெர்ட்ஸ் கம்பத்துக்கு 30 டெசிபல் கீழே நின்றால், நீங்கள் நாடாவின் விளிம்பில் நிற்கிறீர்கள். பிளக்இனில் இருக்கும் குமிழ் என்ன எண்ணைக் காட்டினாலும் இந்த அளவீடு பொய் சொல்லாது.

படி 2: உள்ளே போகும் அளவு

பாட்டின் சராசரி −18 டெசிபல் அருகிலும், பலத்த அடிகள் மட்டும் −4 வரையும் வந்தால் போதும். −18இல் மூன்றாவது மடங்கு 0.13% அளவுதான். அதாவது சாதாரண இடங்கள் சுத்தமாகவே போகும். மோராவின் (மூன்று முறை வாசித்து முடிக்கும் முத்தாய்ப்பின்) கடைசி அடியும் பாடகர் மேல்ஸ்தாயியில் நிற்கும் இடமும் மட்டும் உருளும். டேப்பின் அழகு இதுதான். எல்லாவற்றையும் −4க்கு இழுத்துவிட்டால் உருட்சிக்குப் பதில் களிமண் கிடைக்கும்.

படி 3: முன்னால் தூக்கு, பின்னால் இறக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

டேப்பில் பதியும்போது உச்ச ஒலிகள் பலவீனமாகும். அதனால் ரெக்கார்டிங் பக்கத்தில் அவற்றைத் தூக்கி அனுப்பி, ஒட்டுமொத்த ஒலி சமமாக வரும்படி பிளேபேக் பக்கத்தின் ஈக்யூவோடு (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்தி வைத்திருப்பார்கள். இதற்கென்று உலகத் தரங்கள் உண்டு. ஈக்யூ எந்த அதிர்வெண்ணில் திரும்புகிறது என்பதை ஒரு நேர எண்ணால் குறிப்பார்கள். வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் அமெரிக்க என்ஏபி தரம் 50 மைக்ரோவினாடி, ஐரோப்பிய ஐஇசி தரம் 35 மைக்ரோவினாடி. சாதாரண கேசட்டுக்கு 120 மைக்ரோவினாடி. 50 மைக்ரோவினாடி என்பது ஏறத்தாழ 3.2 கிலோஹெர்ட்ஸ்.

இதனால் என்ன ஆகிறது? உச்ச ஒலிகள் தூக்கப்பட்ட நிலையில் நாடாவைச் சேர்வதால், அவைதான் முதலில் அமுங்குகின்றன. பாடகரின் "ச", "ஷ", ஜால்ராவின் நுனி, வலந்தலையில் விரல் படும் முதல் நொடி, இவையெல்லாம் தானாகவே பணிந்துவிடும். அடுத்து வரும் நாதம் அப்படியே நிற்கும். என் அக்கா மகனைக் குத்தியது அந்த முதல் நொடிதான்.

செய்முறை இது. சாச்சுரேஷனுக்கு முன்னால் ஒரு ஈக்யூ: 3.2 கிலோஹெர்ட்ஸில் ஹை ஷெல்ஃப் (அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் தூக்குவது), +6 முதல் +9 டெசிபல். சாச்சுரேஷனுக்குப் பின்னால் அதே ஈக்யூ, அதே அதிர்வெண், அதே வடிவம், குறி மட்டும் மைனஸ். இரண்டுக்கும் ஒரே பிளக்இனைப் பயன்படுத்துங்கள். லீனியர் ஃபேஸ் வகை வேண்டாம். அது அடிக்கு முன்னாலேயே ஒரு மங்கலான நிழலைக் கொண்டுவரும்.

சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. சாச்சுரேஷனை மட்டும் அணைத்துவிடுங்கள். டிராக்கின் நகலை எந்தக் கருவியும் இல்லாமல் பக்கத்தில் வைத்து, அதன் போலாரிட்டியைத் திருப்புங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்குங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் முழு அமைதி வரவேண்டும். ஏதாவது கசிந்தால் இரண்டு ஈக்யூவும் ஒன்றையொன்று ரத்து செய்யவில்லை என்று பொருள். அமைதி வந்த பிறகு சாச்சுரேஷனைப் போடுங்கள். இப்போது கேட்பது முழுக்க முழுக்க நாடா மாற்றியது மட்டுமே. நான் இதைப் பல நாள் இரவு ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். மிருதங்கத்தின் நாதம் ஏறக்குறைய இருக்காது. விரல் படும் சின்னச் சின்னச் சொடுக்குகள் மட்டும் மழைத்துளி மாதிரி விழும். எதை எடுத்துக்கொள்கிறோம் என்று காதாலேயே பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 4: ஓவர்சாம்பிளிங்கை மறக்காதீர்கள்

உண்மையான நாடாவில் புதிதாகப் பிறக்கும் மடங்குகள் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய் மறைந்துவிடும். டிஜிட்டலில் அப்படி மறையாது. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில், அதாவது வினாடிக்கு 48,000 அளவீடு (சாம்பிள்) எடுக்கும்போது, அதில் பாதியான 24க்கு மேலே எதற்கும் இடமில்லை. அங்கே போக முயல்வது மடங்கிக் கீழே திரும்பி வரும்.

10 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாவது மடங்கு 30. அது 18ஆக மடங்கி வரும். அங்கே பலருக்குக் கேட்காது. ஐந்தாவது மடங்கு 50. அது 2 கிலோஹெர்ட்ஸில் வந்து இறங்கும், மனிதக் குரலின் நட்டநடுவில். எந்தச் சுருதிக்கும் சொந்தமில்லாத ஒரு விசில். ஜால்ரா ஒலிக்கும்போது பாட்டில் ஏதோ மணல் கலந்ததுபோல் இருந்தால் காரணம் இதுதான்.

தீர்வு எளிது. பிளக்இனில் ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே கூடுதல் சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) 4 மடங்கு அல்லது 8 மடங்கு என்று வையுங்கள். 4 மடங்கில் உள்ளே 192 கிலோஹெர்ட்ஸில் கணக்கு நடக்கும். 10 கிலோஹெர்ட்ஸின் ஒன்பதாவது மடங்கான 90 வரை அதன் இடத்திலேயே இருக்கும். திரும்பக் கீழே இறக்கும்போது வடிகட்டி அவற்றை வெட்டிவிடும். பிளக்இனில் அந்த வசதி இல்லையென்றால், இருக்கும் வேறொன்றுக்கு மாறிவிடுங்கள். சோதனைக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் சைன் ஸ்வீப் ஒன்றை ஓட்டி ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள். எல்லாக் கோடுகளும் மேல்நோக்கியே ஏற வேண்டும். ஒன்றாவது கீழ்நோக்கித் திரும்பினால் இன்னும் மடங்குகிறது.

படி 5: நினைவுள்ள வளைகோடு

டான்ஹெச்சுக்கு நினைவு கிடையாது. இப்போது வந்த எண்ணுக்கு இப்போதே விடை சொல்லும். காந்தத்துக்கு நினைவு உண்டு. இப்போதைய நிலை, முன்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் பொறுத்தது. இதை ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள்.

இதைக் கணக்கில் கொண்டுவர, ஜைல்ஸ், அதர்டன் என்ற இரு இயற்பியலாளர்கள் 1980களில் தந்த சமன்பாடு பயன்படுகிறது. 2019இல் ஜதின் சௌத்ரி இதை நிகழ்நேரத்தில் ஓடும் டேப் மாதிரியாக வடிவமைத்து வெளியிட்டார். அவருடைய சௌ டேப் மாடல் பிளக்இன் இலவசம்; அதன் நிரலும் திறந்த மூலம். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படித்தால், ஒவ்வொரு சாம்பிளுக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டை எப்படித் தீர்க்கிறார் என்று அடி அடியாகப் பார்க்கலாம்.

இது தேவையா? எல்லா டிராக்கும் சேர்ந்து போகும் முழுப் பஸ்ஸிலும் போடுவதானால் வித்தியாசம் கேட்கிறது. குறிப்பாகப் பலத்த அடியும் மெல்லிய ஒலியும் ஒரே நேரத்தில் வரும்போது. தனி மிருதங்க டிராக்குக்கு, படி 3ஐச் சரியாகச் செய்திருந்தால், டான்ஹெச்சே என் காதுக்குப் போதும்.

படி 6: வேகமும் இழப்பும்

நாடாவில் ஒரு அலையின் நீளம் என்பது, நாடாவின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தது. இந்தச் சின்னக் கணக்கை வைத்தே ஸ்டுடியோ டேப்புக்கும் கேசட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளலாம்.

ஸ்டுடியோ வேகமான 38 சென்டிமீட்டரில் 10 கிலோஹெர்ட்ஸ் அலை நாடாவில் 38 மைக்ரோமீட்டர் இடம் எடுக்கும். கேசட்டின் வேகம் 4.76 சென்டிமீட்டர், அதில் அதே அலைக்கு 4.76 மைக்ரோமீட்டர்தான். ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவே இடைவெளி வந்தால், அந்த இடைவெளியை அலைநீளத்தால் வகுத்து 54.6ஆல் பெருக்கினால் எத்தனை டெசிபல் இழப்பு என்று வரும். ஒரு மைக்ரோமீட்டர் அழுக்கு படிந்தாலே கேசட்டில் 11 டெசிபலுக்கு மேல் போய்விடும். ஸ்டுடியோ டேப்பில் அதே அழுக்குக்கு 1.4 டெசிபல்தான். அம்மாவின் கேசட் மங்கியதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

கேசட் வாசனை வேண்டுமென்றால், எல்லாவற்றுக்கும் பின்னால் 10 கிலோஹெர்ட்ஸ் அருகே தொடங்கி உச்ச ஒலிகளைக் குறைக்கும் மென்மையான லோ பாஸ் போடுங்கள். ஸ்டுடியோ டேப்புக்கு 18 வரை தொட வேண்டாம்.

அடிப்பக்கத்தில் இன்னொரு விஷயம். அலைநீளம் ஹெட்டின் முகத்தளவுக்கு வரும்போது அங்கே ஒரு புடைப்பு உண்டாகும். ஹெட் பம்ப் என்பார்கள். 38 சென்டிமீட்டர் வேகத்தில் 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, அந்த வட்டாரத்தில்தான் இது தெரியும். வேகத்தை இரட்டித்தால் புடைப்பு ஒரு ஸ்தாயி மேலே போகும். 1 அல்லது 2 டெசிபல் அகன்ற பெல் ஈக்யூ ஒன்று போதும். ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் அடிநாதம் எங்கே இருக்கிறது என்று அனலைசரில் பார்த்துவிட்டு வையுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் "தொம்" எல்லாம் வீங்கிவிடும்.

படி 7: வவ், ஃபிளட்டர், இரைச்சல்

மோட்டார் சீராகச் சுற்றாததால் சுருதி மெதுவாக அலைவது வவ். வேகமாக நடுங்குவது ஃபிளட்டர். ஒலியைச் சற்றுத் தாமதித்து, அந்தத் தாமதத்தை ஆட்டினால் கிடைத்துவிடும். வினாடிக்கு ஒருமுறை, 0.1% சுருதி அலைவு வேண்டுமென்றால் தாமதத்தை இருபுறமும் 0.16 மில்லிவினாடி ஆட்டினால் போதும். 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 8 சாம்பிள். இடது, வலது இரண்டுக்கும் ஒரே அசைவைக் கொடுங்கள். நாடா ஒன்றுதானே.

கர்நாடக இசையில் இதை நான் பெரும்பாலும் சுழியத்திலேயே வைக்கிறேன். தம்பூரா நீண்டு ஒலிக்கும் இடத்தில் 0.1% கூடக் காதில் படும். பாடகர் ஆராய்ந்து வைத்த கமகத்தின்மேல் மோட்டாரின் ஆட்டத்தை ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

இரைச்சலும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் ரயில் போகும் ஒலியும் ஏர்கானும் ஏற்கனவே பதிவில் இருக்கின்றன.

படி 8: ஒலியளவைச் சமன் செய்து ஒப்பிடுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னால் தைப்பூசப் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு மிக்ஸிங் செய்தேன். டேப் பிளக்இனைப் போட்டேன், அபாரமாக இருந்தது, எல்லா டிராக்கிலும் போட்டேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது பாடகரின் சொற்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. உறுமியின் உராய்வு காணாமல் போயிருந்தது. அப்போதுதான் அளந்து பார்த்தேன். பிளக்இன் போட்டால் ஒலி ஒன்றரை டெசிபல் கூடுகிறது. சத்தம் கூடியதைத்தான் நான் இனிமை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடகருக்கு நான் செய்த குறை அது, இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, பிளக்இனுக்கு முன்னும் பின்னும், காதில் படும் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் மீட்டர் போட்டு, வெளிவரும் அளவை 0.2 டெசிபலுக்குள் சமன் செய்யுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, நீங்கள் திரையைப் பார்க்காமல் இருக்கும்போது அணைத்தும் போட்டும் காட்டச் சொல்லுங்கள். பத்தில் எட்டு ஒன்பது முறையாவது சரியாகச் சொல்ல முடியாவிட்டால், உங்கள் காதுக்கு அங்கே வித்தியாசம் இல்லை. அந்த டிராக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எதற்கு எவ்வளவு

மிருதங்கத்துக்கு முன் ஷெல்ஃப் +8, பலத்த அடி −4இல். குரலுக்கு +6, உச்சம் −8ஐத் தாண்டாமல். நாதஸ்வரத்துக்கு நான் எதுவும் போடுவதில்லை. சீவாளியே தேவைக்கு மேல் மடங்குகளைக் கொடுத்துவிடுகிறது, அதற்குமேல் அமுக்கினால் வண்டு ரீங்காரம்தான் மிஞ்சும். தவிலுக்கு வலந்தலை மைக்கில் மட்டும். உறுமிக்கு முன் ஷெல்ஃபே வேண்டாம், வெறும் வளைகோடு போதும், இல்லாவிட்டால் அந்த உராய்வுதான் முதலில் அமுங்கும்.

பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இவை எதுவும் வேண்டாம். நாடா செய்ய வேண்டியதை அன்றைக்கே செய்துவிட்டது. 2017இல் சுங்கை ரோடு சந்தை மூடப்படுவதற்கு முன்னால் அங்கே வாங்கிய டெக்கில்தான் நான் அம்மாவின் கேசட்டுகளை ஏற்றுகிறேன். போடுவதற்கு முன்னால் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக நாடாச் சுருளை டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் சுருளின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அப்படி இருந்தால் ஓட்டாதீர்கள். ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். தனிப் பையில் போட்டு, சிலிகா ஜெல் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.